கூடவே ஒரு கேஸ் மாத்திரை

வில்லாபுரத்தில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு எந்தச் சீட்டோடு யார் வந்தாலும், ஒரு கேஸ் மாத்திரை இல்லாமல் நான் அவர்களை அனுப்பியதில்லை. காய்ச்சல் என்று வந்தாலும் சரி, மூட்டுவலி என்று வந்தாலும் சரி, பல்லைப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு வந்தாலும் சரி, "காலையில வெறும் வயித்துல இத ஒண்ணு போட்டுக்கங்கண்ணே, வயித்தப் புண்ணாக்காது" என்று அட்டையிலிருந்து கத்தரித்து நீட்டிவிடுவேன். டாக்டர் எழுதியிருந்தால் எழுதியபடி. எழுதவில்லை என்றால் மறந்திருப்பார் என்று நானே சேர்த்துக்கொள்வேன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் பழக்கம். எங்கள் ஊரில் கேஸ் மாத்திரையை ஒரு மாத்திரை என்று யாரும் நினைப்பதில்லை. இலை ஓரத்தில் உப்பு வைப்பது போல அதுவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மகளுக்குப் பதினாறு வயது. பசுமலையில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கும் அவளுக்கும் தினம் ஒரு சண்டை நடக்கும். டிவி சத்தத்துக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று, நான் மூக்கைச் சிந்தும் விதத்துக்கு ஒன்று. போன வருடம் ஆடி மாதம் அந்தச் சண்டை நின்றுபோனது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு மடையன் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டான். அவள் நிறுத்தியது சண்டையை மட்டும் இல்லை. சாப்பிடுவதை, தலை பின்னுவதை, சிநேகிதிகளோடு பேசுவதை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். பரீட்சையில் பேரை மட்டும் எழுதி வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று அவளுடைய வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

டீச்சரே ஒரு மனநல மருத்துவரின் முகவரியும் கொடுத்தார். என் வயதுள்ள அம்மாள். பேச்சில் வளவளப்பு கிடையாது. மகளிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னையும் என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இது மனச்சோர்வு, வாராவாரம் பேச வர வேண்டும், கூடவே ஒரு மாத்திரையும் வேண்டும் என்றார். முதல் வாரம் அரை மாத்திரை, பிறகு ஒன்று. சீட்டை எழுதிக்கொண்டே இரண்டு கேள்விகள் கேட்டார்.

"வேற மாத்திரை ஏதும் எடுக்குறாளா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை.

"குடும்பத்துல யாராச்சும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? சாப்பிட்டு ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றேன். அது பொய். வாயிலிருந்து விழும்போதே பொய் என்று தெரிந்த பொய்.

ஏன் சொன்னேன் என்றால், என் பக்கத்து நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் என் அக்காவின் மகள். எங்கள் பக்கம் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது சகஜம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமான பிறகும் அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். என் அக்கா, அதாவது என் மாமியார், அவனியாபுரத்தில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். என் மனைவியின் காதில் விழுந்த செய்தி ஐந்தாவது நிமிடத்தில் அங்கே போய்விடும். "வெளிய குடுத்தா எவன் என்ன சீக்காளின்னு தெரியாது, என் தம்பி நான் தூக்கி வளத்த பய, அவன் உடம்பு எனக்குத் தெரியும்" என்று ஊரெல்லாம் சொல்லித்தான் அக்கா எனக்குப் பெண் கொடுத்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இருபத்து மூன்று வயதில், நகரத்துக்குள் ஒரு மொத்த மருந்துக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கும் மனம் இருண்டு கிடந்தது. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. காலையில் எழுந்து சட்டை பொத்தான் போடுவதே பெரிய வேலையாக இருந்த காலம். யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்து, இதே வகை மாத்திரை ஒன்றை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டாவது வாரத்தில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்தால் எழச் சொன்னன, எழுந்தால் நடக்கச் சொன்னன, நடந்தால் இன்னும் வேகமாக என்றன. வலி இல்லை, அரிப்பு இல்லை. தோலுக்கு உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைகைப் பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் மாத்திரையை நானே தூக்கிப் போட்டேன். அதைக் கொடுத்த டாக்டரிடம் கூடப் போய்ச் சொல்லவில்லை. மனம் பிறகு எப்படியோ தானாகத் தெளிந்தது. இரண்டு வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறக்க வேளை வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு மாத்திரை கொடுக்கும் வேலையை நான் யார் கையிலும் விடவில்லை. மருந்துக்கடைக்காரன் மகள் அல்லவா, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். காலையில் பல் துலக்கியதும் என் உள்ளங்கையில், டீச்சர் சொன்ன நாளிலிருந்தே நான் கொடுத்துவந்த கேஸ் மாத்திரை, மறு கையில் தண்ணீர்ச் சொம்பு. இட்லி சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் எழுதிய மாத்திரை. சாப்பாடு சரியாக இறங்காத பிள்ளை, வயிறு புண்ணாகிவிடக் கூடாது என்ற அக்கறை எனக்கு. "எதுக்குப்பா ரெண்டு?" என்று ஒருநாள் கேட்டாள். "இது மாத்திரையே இல்லத்தா, சும்மா கேஸுக்கு" என்றேன்.

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. முழு மாத்திரைக்கு மாறிய பிறகு சாப்பாட்டு மேசையில் அவள் முழங்கால் ஆட ஆரம்பித்தது. தம்ளர் தண்ணீர் அதிர்ந்தது. "காலாட்டாதடி, வீட்டுக்கு ஆகாது" என்றாள் என் மனைவி. நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் டாக்டரிடம் போனோம். மகள் வழக்கம் போல இரண்டு வார்த்தைதான் பேசினாள். படபடப்பா இருக்கு, படிக்க முடியல. மனைவி நடுவில் புகுந்து, "அரையாண்டுப் பரீட்சை வருதுல டாக்டர், அந்த டென்ஷன்" என்றாள். டாக்டர் யோசித்தார். இந்த வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களின் சின்ன அளவு என்று நினைக்கக் கூடாது, பலருக்கு மாத்திரை உடம்பில் தங்காமல் சீக்கிரம் கழிந்துவிடும், அதனால் அளவு போதாமல் போகும் என்று விளக்கினார். மனச்சோர்வு அப்படியே இருக்கிறது, படபடப்பும் அதோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்று சொல்லி இன்னும் அரை மாத்திரை கூட்டினார். என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னார்: "கூட்டுன முதல் ரெண்டு வாரம் கண்ணுலயே வச்சுக்கங்க. நிலைகொள்ளாம தவிச்சா, தூக்கமே இல்லாமப் போனா, வேற மாதிரிப் பேசுனா, அன்னைக்கே என்னைக் கூப்பிடணும். துக்கமும் தவிப்பும் ஒண்ணாச் சேந்தா சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து."

அவர் கையில் இருந்த தகவலை வைத்து அவர் முடிவெடுத்தார். அவரிடம் இல்லாத தகவல் என் சட்டைப்பைக்குள் இருந்தது. அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

அடுத்த நாளே அவள் நடக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீடு நீளவாக்கில் கட்டியது. வாசல் கேட்டிலிருந்து பின்பக்கத் துவைகல் வரை ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் அவள் போனாள், வந்தாள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள், அப்புறம் புத்தகம் இல்லாமல் நடந்தாள். தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபடியே நாலு வாய் சாப்பிட்டாள். பள்ளியில் பெஞ்சில் உட்கார முடியவில்லை என்று டீச்சரே லைப்ரரிக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனால் சிக்னலில் இறங்கி நின்றுகொள்வாள். வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். எனக்கு அது இன்னும் பெரிய சத்தமாகக் கேட்டது.

மனைவி திருஷ்டி என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "செல்போனப் பிடுங்கிப் போடு, எல்லாம் சரியாப் போகும்" என்றாள். நான் என்ன செய்தேன்? அந்த வாரம் டாக்டரிடம் பேசப் போக வேண்டிய நாளை, அவளால் உட்கார முடியாது என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன். பேப்பர் படித்தேன். நாற்காலியைக் கூடத்தில் போட்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே தெரியும் அவள் தலை இந்தப் பக்கம் போவதையும் அந்தப் பக்கம் போவதையும் பார்த்தேன். பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தான். உனக்கு வந்தது வேறு, இவளுக்கு வந்தது வேறு. நீ சாப்பிட்டதே அந்தக் காலத்து மாத்திரை. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? இரண்டு வாரம் பார்க்கத்தானே சொன்னார்? இப்போது சொன்னால் முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே? பதினெட்டு வருடம் கழித்து உன் அக்கா முகத்தில் எப்படி முழிப்பாய்? கடையில் எனக்கே ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். கடைச் சாவி ஒன்றை மறந்துவிட்டு வந்தேன் என்று வீட்டுக்குப் போனேன். மனைவி கறிக்கடைக்குப் போயிருந்தாள். மகள் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். திரும்பினாள். அவள் கண்ணில் கண்ணீர் கூட இல்லை.

"என்னால இந்த உடம்புக்குள்ள இருக்கவே முடியலப்பா. எப்படியாச்சும் வெளிய போயிட்டா நல்லாருக்கும்னு இருக்கு."

அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதி என்ன என்பது எனக்குப் புரிந்தது. வைகைப் பாலத்தில் நடந்தபோது நானும் அந்தப் பாதியை நினைத்துப் பார்த்தவன்தான். அவள் கையைப் பிடித்தேன். விடவே இல்லை. ஒரு கையால் டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே வாங்க என்றார். தெருமுனையில் பையோடு வந்த மனைவியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். கறிப்பையோடு டாக்டர் வீட்டுக்குப் போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கடை திறந்தபடியே கிடந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஷட்டரை இறக்கியிருக்கிறார்.

டாக்டர் என் மகளை நடக்கவிட்டே பேசினார். அறைக்குள் அவள் நடக்க, இவர் நாற்காலியைத் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டார். மனசு தவிக்கிறதா, கால் தவிக்கிறதா? கால் என்றாள். நடந்தால் குறைகிறதா? கொஞ்சம். நடக்க வேண்டும் என்று நீயாக நினைக்கிறாயா, கால் இழுக்கிறதா? அப்போது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இழுக்கும் டாக்டர். கால்தான் இழுக்கும். எனக்கும் இதே மாதிரி மாத்திரையில வந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கறிப்பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு நொடி நின்றாள். பிறகு நடந்தாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து, கூட்டிய அளவை அன்றே குறைத்தார். சட்டென்று முழுதாக நிறுத்தினால் அது வேறு தொந்தரவு தரும் என்றார். தவிப்பு அடங்க சில நாளுக்கு வேறொன்று கொடுத்தார். ஒரு வாரம் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, தினமும் காலையும் மாலையும் தனக்குப் போன் போட வேண்டும் என்றார். பிறகு மகளின் கன்னத்துக்குள்ளே பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, சென்னைக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

அது எதற்கு என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "ஈரல்ல இந்த மாத்திரைய உடைச்சு வெளியேத்துற நொதி ஒண்ணு இருக்கு. அதச் செய்யுற மரபணு எல்லாருக்கும் ரெண்டு பிரதி. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ரேஷன் கடையில பில்லு போட ரெண்டு பேரு இருக்காங்கன்னு வைங்க. ரெண்டு பேரும் சுறுசுறுப்பா இருந்தா வரிசை நகரும். ஒருத்தர் தூங்குனா மெதுவா நகரும். ரெண்டு பேரும் தூங்குனா கூட்டம் தெருவுக்கு வந்துரும். நீங்க குடுக்குறது என்னமோ ஒரு மாத்திரைதான், ஆனா ரத்தத்துல ரெண்டு மூணு மாத்திரை அளவு சேந்துரும்."

"சொந்தத்துல கட்டுனதாலயா டாக்டர்?" மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வியை அவள் எத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்தாளோ தெரியாது.

"ரிப்போர்ட் வரட்டும்மா" என்றார் டாக்டர்.

நாலைந்து நாளில் நடை பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. சாயந்தரம் ஒருமணி நேரம், பிறகு அரைமணி நேரம் என்று அந்தக் கால் இழுத்துக்கொண்டேதான் இருந்தது. இதற்கிடையில் அக்கா வந்தாள். விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கூடத்தில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"ஏன்டா, என்கிட்ட சொன்னா பொண்ணு குடுக்க மாட்டேன்னு நினைச்சியா?"

"ஆமாக்கா."

"குடுத்திருக்க மாட்டேன்தான்." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அதுக்காக, இந்தப் பிள்ள காலு தேய நடக்கையிலயும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவள் அன்று எங்கள் வீட்டில் காபி கூடக் குடிக்கவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். மனைவி என்னோடு பேசினாள், ஆனால் மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "சாப்பிடுங்க", "கேட்டப் பூட்டுங்க" என்று மொட்டையாக வந்தது பேச்சு. கல்யாணத்தன்று கூட எனக்கு அம்புட்டு வெட்கமாக இருந்ததில்லை.

அசிங்கமான ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் வரும் வரை அந்த மரபணுவை நான் மிகவும் விரும்பினேன். இரண்டு பிரதியும் மெதுவானது என்று வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டால் குற்றம் ரத்தத்தின்மேல் போய்விடும். என் அப்பா, அவருடைய அப்பா, பெண் கொடுத்துப் பெண் எடுத்த அத்தனை பேருமாகச் சேர்ந்து அதைச் சுமந்துகொள்ளலாம். நான் பொய் சொன்னவன்தான், ஆனால் பாவப்பட்டவன் என்று ஆகிவிடலாம்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஒரு பிரதி வழக்கமானது. ஒன்றுதான் வேலை செய்யாதது.

டாக்டர் அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்தார். இந்த மாதிரி மெதுவான ஒரு பிரதி இந்த ஊரில் ஏராளமானவர்களுக்கு இருக்கும், தெருவுக்குத் தெரு இருக்கும், சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் வரும் என்று முதலில் என் மனைவியிடம் சொன்னார். சொந்தத்தில் கட்டினால் இரண்டு பிரதியும் அப்படி அமைய வாய்ப்பு கூடும், ஆனால் இவளுக்கு அப்படி அமையவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"எனக்கு இதுல ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது. ஒருத்தர் தூங்குறாரு, சரி. இன்னொருத்தர் வேலை பாக்குறாருல்ல? இந்த அளவுக்கு இம்புட்டுத் தவிப்பு வரக் கூடாது. குறைச்ச பிறகும் மிச்சம் இருக்கு. வேற என்ன மாத்திரை எடுக்குறா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். இந்தத் தடவை சத்தியமாகச் சொன்னேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கேஸ் மாத்திரை மட்டுந்தான்" என்றாள் மனைவி. "தினம் காலையில வெறும் வயித்துல இவரு குடுப்பாரு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்ன கேஸ் மாத்திரை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். சொல்லும்போதே, இந்த இரண்டு மாத்திரையும் சேரக் கூடாது என்பது எனக்கு நினைவு வந்தது. படித்ததுதான். டிப்ளமோவுக்குப் படித்த காலத்தில் இல்லாவிட்டாலும், மாத்திரையோடு வரும் மடித்த தாளில் பொடி எழுத்தில் இருப்பதுதான். ஒரு நாளைக்கு அந்தத் தாள்களை எத்தனை குப்பைக் கூடையில் போடுகிறேன்.

"வேலை பாத்துக்கிட்டு இருந்த அந்த ஒருத்தரையும்" என்றார் டாக்டர், "உங்க கேஸ் மாத்திரை கையப் பிடிச்சு உக்கார வச்சிருச்சு. ரெண்டு கவுன்ட்டரும் மூடிப்போச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, கோபம் இல்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அப்ப அது மாத்திரைதானப்பா?" என்றாள். "மாத்திரைதாம்மா" என்றேன்.

கேஸ் மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்தில் நடை நின்றது. அதே மாத்திரைதான், குறைந்த அளவில், அதற்குப் பிறகு அவளை மெல்ல மேலே கொண்டுவந்தது. வாராவாரம் அந்த டாக்டரிடம் போய் அவள் பேசியதும் சேர்ந்துதான். தை மாதம் டிவி சத்தத்துக்கு என்னோடு சண்டை போட்டாள். நான் கடைக்குப் போய் ஷெல்ஃபுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கடையில் எனக்கு இப்போது கெட்ட பெயர். கேஸ் மாத்திரை எழுதாத சீட்டுக்குக் கேஸ் மாத்திரை கொடுப்பதில்லை. "என்னண்ணே, கேஸ் மாத்திரை வைக்கலையே?" என்று வழக்கமாக வரும் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். "வேற என்னென்ன சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று நான் கேட்டால், "நீ என்ன டாக்டரா, போலீஸா?" என்கிறார்கள். எனக்கும் கோபம் வருகிறது, நானும் கத்துகிறேன். மொத்தக்கடையில் வேலை பார்த்த அந்த இருபத்து மூன்று வயதில் நானே தினமும் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சில்லறைக்கு வருபவர்களுக்கு அதைக் கையோடு கொடுக்கச் சொல்லி முதலாளி பழக்கியது அங்கேதான். போட்டிருப்பேன் என்றும் தோன்றுகிறது, இல்லை என்றும் தோன்றுகிறது. எனக்குள் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று சோதிக்க நான் இன்னும் கன்னத்தைக் காட்டவில்லை. காட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள், காட்டித்தான் பார்ப்போமே என்று மறு நாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா எல்லாரையும் அழகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் என்னவோ வேண்டியிருந்தாள். மனைவியும் அக்காவும் சாமி கும்பிட உள்ளே போக, நான் பைகளைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்ற வெளியே நின்றேன். கூட்டமாக இருக்கிறது, நானும் இங்கேயே இருக்கிறேன் என்று மகளும் தங்கிவிட்டாள். மரத்தடியில் ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கால்கள் ஆடாமல் கிடந்தன. நான் அதையே பார்த்தேன். அந்தக் கேஸ் மாத்திரைக்காக அவளிடம் நான் அதற்கு முன்னால் ஏழெட்டுத் தடவையாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்றும் ஆரம்பித்தேன்.

"அத விடுங்கப்பா" என்றாள். "அது நீங்க தெரியாமச் செஞ்சது."

பையைத் தொட வந்த குரங்குக் குட்டி ஒன்றைக் கையை ஓங்கி விரட்டினாள்.

"நான் வீட்டுக்குள்ள நடந்தேன்ல, ஒம்பது நாளு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்லப்பா?"

"தெரியும்."

"எத்தனாவது நாளு தெரிஞ்சது?"

சந்தேகமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். போகப் போகத்தான் புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குள் இருந்த வக்கீல் எழுந்து நின்று கோட்டைச் சரிசெய்தான். நான் அவனை உட்கார வைத்தேன்.

"முத நாளே."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நினைச்சேன்ப்பா. உலகத்துல வேற யாருக்குமே இப்படி இருக்காது, சொன்னாலும் யாருக்கும் புரியாதுன்னு நினைச்சேன். நீங்க எதுக்க உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். அதற்குள் அக்காவும் மனைவியும் பிரசாதத் தோசையோடு வந்துவிட்டார்கள். மனைவி அதை நாலாகப் பிய்த்து, "இந்தாங்க மாமா" என்று என் பங்கை நீட்டினாள். எத்தனையோ மாதம் கழித்து அந்த வார்த்தை வந்தது. வாங்கினேன். வாயில் வைக்க முடியவில்லை. மரத்துக்கும் பைகளுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தேன்.

"உக்காந்து சாப்பிடுங்கப்பா" என்று மகள் கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை.